கடன்பட்ட பேருயிர்: அண்டக் காவலரை வைத்து அறிபுனை எழுதும் முறை

விண்மீன்களுக்கு நடுவே ஒரு பேருயிர் நிற்கிறது. யுகம் யுகமாக எதையோ காக்கிறது. அலுத்துப்போய்விட்டது, ஆனாலும் விட முடியவில்லை. இந்தக் கருவோடு எழுத உட்காருபவர்கள் நிறைய. பெரும்பாலான கதைகள் இரண்டாம் பக்கத்திலேயே படுத்துவிடுகின்றன. ஏன் விட முடியவில்லை என்பதற்கு எழுதுபவரிடமே பதில் இல்லாததுதான் காரணம். 'அது அதன் கடமை' என்பது பதிலாகாது. கேள்வியையே வேறு சொல்லில் திருப்பி எழுதுவதுதான் அது.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. செய்தாக வேண்டிய வேலைக்கும் திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் நம்மிடம் ஒரே சொல்தான்: கடன். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற அப்பரின் அடி எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அடியை யாரும் சொல்வதில்லை: 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்'. தாங்குவது அவன் கடன், பணி செய்வது என் கடன். கணக்கில் இரண்டு தரப்பு இருக்கிறது. பேருயிரின் கடமையையும் இப்படி இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தால் கதை தானாக நகரும்.

முதலில் புரோநோட்டு

கதையின் முதல் வரிக்கு முன், அரைப் பக்கத்தில் ஒரு புரோநோட்டு எழுதுங்கள். கதையில் இது வராது, உங்கள் மேசையில் மட்டும் இருக்கும். கடன் கொடுத்தவர் யார், அசல் என்ன, வட்டி என்ன, கெடு எப்போது, ஜாமீன் யார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும் கதை அந்த இடத்தில் ஒழுகும்.

அசல் என்றால் பேருயிர் முதலில் வாங்கிக்கொண்ட பொருள். அதன் உயிராக இருக்கலாம், ஒரு மன்னிப்பாக இருக்கலாம், வேறொருவரின் உயிராகவும் இருக்கலாம். 1960-களின் அமெரிக்க காமிக்ஸில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய இரண்டு பாத்திரங்கள் இதற்கு நல்ல பாடம். 1966-இல் வந்த சில்வர் சர்ஃபர், தன் சொந்தக் கிரகத்தை விழுங்காமல் விட்டதற்கு ஈடாக, கிரகங்களை உண்ணும் கலாக்டஸுக்கு வேலைக்காரன் ஆனவன். இது நேரடியான அடமானம். 1963-இல் வந்த வாட்சர் எதிலும் தலையிடுவதில்லை, பார்ப்பதோடு சரி. அவன் இனத்தார் ஒருமுறை ஒரு கிரகத்துக்கு அறிவைக் கொடுத்தார்கள். அந்த மக்கள் அதைப் போருக்குப் பயன்படுத்தி அழிந்தார்கள். தலையிடாமைச் சபதம் அந்தக் குற்றவுணர்விலிருந்து வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த இருவரும் நிற்பதற்குக் காரணம் அவர்களுடைய சக்தி இல்லை, அசல் என்ன என்பது வாசகருக்குத் தெரியும் என்பதுதான்.

வட்டியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 'தனிமை அதை வாட்டியது' என்று எழுதினால் வட்டி ஆகிவிடாது. துணையோடு இருந்து பழகாத உயிருக்குத் தனிமை என்று ஒன்று கிடையாது. அது மனிதர் தம் சட்டையைக் கழற்றி அதற்கு மாட்டிவிடுவது. வட்டி என்றால் நாள்தோறும் கூடும் இழப்பு. ஒவ்வொரு முறை வேலை செய்யும்போதும் அதன் உடலில் ஒரு பகுதி தேய்கிறது என்று வையுங்கள், அல்லது நினைவில் ஒரு பகுதி. அளவையும் எழுதிவிடுங்கள்: ஒரு முறைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு போகிறது என்றால் 693 முறையில் பாதி போய்விடும். கதை எத்தனையாவது முறையில் தொடங்குகிறது என்று அதன்பின் முடிவு செய்யலாம்.

கெடு இல்லாத கடன் கதைக்கு ஆகாது. 'என்றென்றும்' என்று எழுதிய அடுத்த கணம் பதற்றம் செத்துவிடும். ஜாமீன் என்பது, பேருயிர் ஓடிப்போனால் மாட்டிக்கொள்பவர். பெரும்பாலும் மனிதர்கள் இங்கேதான் கதைக்குள் வருவார்கள். தங்களை யாரோ ஜாமீன் எழுதிவைத்தது அவர்களுக்கே தெரியாமல் இருப்பது நல்லது.

கடன் கொடுத்தவர் இன்னும் இருக்கிறாரா என்பதையும் முடிவு செய்யுங்கள். கொடுத்தவர் செத்து, அவருடைய வாரிசும் செத்து, பத்திரம் மட்டும் மிஞ்சினால், வசூலிக்க யாரும் இல்லாத கடனை ஏன் கட்டுகிறது என்ற கேள்வி எழும். எழுதத் தகுந்த கேள்வி அது.

உடம்புக்குக் கணக்கு

அடுத்தது உடம்பு. இதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும், ஆனால் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது. ஆகவே பெரிய உடம்பு மெதுவாகத்தான் சிந்திக்கும். பூமியின் சுற்றுப்பாதை அளவுக்கு அகலமான உயிர் என்றால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் செய்தி போக 16 நிமிடம் 38 விநாடி ஆகும். வியாழனின் பாதை அளவு என்றால் 86 நிமிடம். ஒரு முடிவு எடுக்க உடம்புக்குள் ஆயிரம் முறை செய்தி போய்வர வேண்டும் என்று வைத்தால், அந்த வியாழன் அளவு உயிர் ஒரு முடிவுக்கு வர 120 நாள் ஆகும். 'அது கண நேரத்தில் புரிந்துகொண்டது' என்று எழுதும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

இரண்டாவது சாப்பாடு. வாசகர் மன்னிக்காத இடம் இதுதான். எல்லையற்ற சக்தி உள்ள உயிருக்குக் கடமை சுமையே ஆகாது. வேலையின் விலை அதன் வருமானத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சுமை.

ஒரு மாதிரிக் கதையை எடுத்துக் கடைசிவரை கணக்குப் போடுவோம். சூரியனைச் சுற்றி மிகத் தொலைவில் ஊர்ட் மேகம் என்னும் பனிக்கட்டிக் கூட்டம் இருக்கிறது. நம்மிடம் வரும் நீண்டகால வால்மீன்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நம் பேருயிர் அங்கே, பூமி–சூரியன் தொலைவைப்போல் 20,000 மடங்குத் தொலைவில் நிற்கிறது. உள்ளே விழத் தொடங்கும் வால்மீன்களைத் தள்ளிவிடுவது அதன் வேலை. கெடுவுக்கு நிஜமான தேதியே இருக்கிறது: கிளீஸ் 710 என்ற விண்மீன் இன்னும் சுமார் 13 லட்சம் ஆண்டுகளில் சூரியனிலிருந்து 0.2 ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில் கடக்கும். அப்போது அந்த மேகம் கலங்கும்.

இப்போது எண்கள். அவ்வளவு தொலைவிலிருந்து பூமியின் பாதை வரை வந்து போகும் வால்மீன், தன் பாதையின் வெளிக்கோடியில் எவ்வளவு வேகத்தில் போகும்? விநாடிக்கு 2.1 மீட்டர்தான். காலையில் பூங்காவில் மெல்லோட்டம் ஓடுபவரின் வேகம். அதையே விநாடிக்கு 6.7 மீட்டர் ஆக்கிவிட்டால், அதாவது சைக்கிள் வேகம், வால்மீன் சனியின் பாதைக்குள் நுழையாமல் திரும்பிவிடும். ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு உலகத்தின் ஆயுள். கதையில் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும், ஆனால் அந்த வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும்.

பத்து கிலோமீட்டர் குறுக்களவுள்ள வால்மீனின் எடை, தண்ணீரில் பாதி அடர்த்தி என்று வைத்தால், சுமார் 26,000 கோடி டன். அந்த வேக மாற்றத்துக்குத் தேவையான ஆற்றலை ஓர் ஆண்டுக்குப் பிரித்தால் சுமார் 165 மெகாவாட் வரும். நம் ஊர் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்றுக்கும் குறைவுதான். ஆனால் 20,000 மடங்குத் தொலைவில் சூரிய ஒளி 40 கோடியில் ஒரு பங்காகிவிடுகிறது. 165 மெகாவாட் சேர்க்க ஏறத்தாழ 5 கோடி சதுர கிலோமீட்டர் விரிப்பு தேவை. ஆசியாக் கண்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பிடித்த ஒளியில் ஒரு சொட்டும் வீணாகாது என்ற கணக்கு இது. ஆக, ஆசியா அளவு உடம்பு கொண்ட உயிர் ஓர் ஆண்டு முழுக்கச் சாப்பிட்டால் ஒரு வால்மீனைத் தள்ளலாம். இந்த விகிதம்தான் வேண்டும். உடம்பை ஒரு ஒளிமணி (ஒளி ஒரு மணி நேரத்தில் போகும் தொலைவு) அகலத் தட்டாக வைத்திருந்தால் ஆற்றல் கொட்டிக் கிடக்கும், கதை முடிந்தது. மெதுவான மனமும் வேண்டும், பசியும் வேண்டும் என்றால் வழி உண்டு. அந்த 5 கோடி சதுர கிலோமீட்டரைத் துண்டு துண்டாக்கி, ஒரு ஒளிமணி அகலத்துக்கு வலைபோல் பரத்திவிடுங்கள். விரிவு பெரிதாக இருக்கும், சதை கொஞ்சமாகத்தான் இருக்கும்.

இன்னொரு முடிச்சு. எதையும் தள்ள எதிலாவது காலை ஊன்ற வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பனிக்கட்டியில் ஊன்றினால் அது எதிர்த்திசையில் போகும். நூறு மடங்கு எடையுள்ளது, அதாவது சுமார் 46 கிலோமீட்டர் குறுக்களவுள்ளது, கிடைத்தால் அது விநாடிக்குச் சில சென்டிமீட்டர்தான் அசையும், பாதகமில்லை. சம எடையில் ஊன்றினால் இது பெற்றதை அது இழக்கும்: முதலாவது தப்பிக்கும், இரண்டாவதும் முன்பே மெதுவாகப் போவதாக இருந்தால் சூரியனை நோக்கி விழத் தொடங்கும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். இதை யாரும் கற்பனையில் தேட வேண்டியதில்லை, நியூட்டனின் மூன்றாம் விதியே கொடுத்துவிடுகிறது.

ஒரு நாள் லீவு போட்டால் என்ன?

கூர்மையான வாசகர் உடனே கேட்பார்: இந்த ஆண்டு இரண்டு வால்மீன் கிளம்பினால், ஒன்றை இப்போது தள்ளி மற்றதை அடுத்த ஆண்டு தள்ளினால் என்ன? நியாயமான கேள்வி. அங்கிருந்து சூரியனிடம் விழ 5 லட்சம் ஆண்டு ஆகும், ஓர் ஆண்டுத் தாமதத்தால் ஒன்றும் குடிமுழுகாது. 'இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும்' என்ற பழகிப்போன முடிச்சு இங்கே அவிழ்ந்துவிடும். அதைக் காப்பாற்றப் பொய் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு வீதம் விடாமல் வந்தால் ஆண்டுக்கு ஒன்று பாக்கி விழும். பத்தாண்டில் பத்து, ஆயிரமாண்டில் ஆயிரம். வட்டி ஏறுவது இப்படித்தான். நெருக்கடியை ஒரு இரவில் தேடாமல் பேரேட்டில் தேடுங்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. பூமியின் பாதையைக் குறுக்கிடும் வால்மீன் ஒருமுறை வந்துபோகையில் பூமிமேல் மோதும் வாய்ப்பு கோடியில் ஒன்றுகூட இல்லை. 5 லட்சம் ஆண்டுக்கு முன்பே எது மோதும், எது மோதாது என்று கணிக்கவும் முடியாது. வழியில் பிற விண்மீன்களும் கோள்களும் பாதையை அசைத்துக்கொண்டே இருக்கும். அப்படியானால் நம் பேருயிர் தள்ளியவற்றில் ஒன்றாவது நிஜமாக மோதியிருக்குமா? அதற்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. எந்த ஒரு நாளை எடுத்தாலும் அன்றைக்கு வேலை செய்யாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. எல்லா நாளும் செய்யாமல் இருந்தால்தான் ஆகும். கடமையின் சுமை என்று கதைகளில் எழுதப்படும் போர், காயம், தியாகம் எல்லாவற்றையும்விட இது கனம். உழைப்பு பலித்ததற்கு ரசீது கிடைக்காத வேலை.

ஆகவே 'வேலை நின்றால் என்ன ஆகும்' என்பதைக் கதைக்கு வெளியே முழுதாக எழுதிப் பாருங்கள். திருக்கடையூர்த் தலபுராணம் இந்தச் சோதனையைச் செய்திருக்கிறது. மார்க்கண்டேயனின் உயிரை எடுக்க வந்த எமன் தன் வேலையைத்தான் செய்தான்; அதற்காகவே சிவனிடம் உதை வாங்கினான். பையன் பிழைத்தான், நாம் கைதட்டுகிறோம். ஆனால் புராணம் அங்கே நிற்கவில்லை. எமன் இல்லாததால் சாவே இல்லை, பாரம் தாங்காமல் பூமாதேவி போய் முறையிடுகிறாள், எமன் மறுபடி எழுப்பப்படுகிறான். கடமை தவறாதவன் தண்டனை வாங்கிவிட்டு, அதே வேலைக்கே திரும்பிப் போகிறான். உங்கள் பேருயிரின் வேலை அடியோடு நின்றால் யார் முதலில் முறையிட வருவார்? யாரும் வரமாட்டார்கள் என்றால் அந்த வேலை கதையைத் தாங்காது, மாற்றிவிடுங்கள்.

பேச்சும் பெயரும்

பேருயிர் எப்படிப் பேசும் என்பதில் தமிழ்க் கதைகளுக்கென்று ஒரு நோய் உண்டு. புராணப் படத்துச் செந்தமிழில் அது முழங்க ஆரம்பித்துவிடும்: 'மானிடனே, கேள்!' இரண்டு வரியில் சிரிப்பு வந்துவிடும். எளிய சொற்கள், சின்ன வாக்கியங்கள், உணர்ச்சிச் சொல் இல்லாத பேச்சு போதும். மூவாயிரம் சொல் கதையில் அது பேசுவது பத்துப் பன்னிரண்டு வரியைத் தாண்ட வேண்டாம்.

தாமதத்தையும் மறக்க வேண்டாம். பூமியிலிருந்து நம் மாதிரிக் கதையின் இடத்துக்குச் செய்தி போக 115 நாளுக்கு மேல் ஆகும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஏழரை மாதத்துக்கு மேல். சித்திரையில் கேட்டால் கார்த்திகை, மார்கழிவாக்கில் பதில். கேட்டவள் அதற்குள் வேலை மாறியிருக்கலாம், பிள்ளை பெற்றிருக்கலாம். உரையாடல் காட்சியை அறைக்குள் நடப்பதுபோல் எழுதாமல் கடிதப் போக்குவரத்தாக எழுதினால் இந்தத் தாமதமே கதைக்கு வேலை செய்யும்.

தமிழ் கொடுக்கும் பெரிய ஆயுதம் தன்மைப் பன்மை. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. வலையாகப் பரந்த உயிர் தன்னை 'நாங்கள்' என்று சொல்வது இயல்பு. கதை முழுக்க 'நாங்கள் தள்ளுகிறோம்', 'நாங்கள் காத்தோம்' என்று வந்து, ஒரே ஒரு இடத்தில் 'நாம்' என்று மாறினால், மனிதர்களும் கடனில் பங்காளி ஆகிவிட்டார்கள் என்பதை வேறு எதுவும் சொல்லாமல் வாசகர் புரிந்துகொள்வார். இந்த மாற்றத்தை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். மாறும் வாக்கியத்தில் வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். கதைசொல்லி பேருயிரை 'அது' என்கிறாரா 'அவர்' என்கிறாரா என்பதையும் முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வையுங்கள். பாத்திரங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

கால அளவுக்கு 'பில்லியன்' என்று எழுதுவது தப்பில்லை, ஆனால் அந்த உயிரின் வாயில் ஒட்டாது. பரிபாடலின் இரண்டாம் பாடல் ஊழிகளை நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று எண்ணுகிறது. பூவின் பெயரெல்லாம் பேரெண்கள். சிறிய அளவுக்குப் பழைய கணக்கின் முந்திரி இருக்கிறது, 320-இல் ஒன்று. நம் பேருயிரின் 13 லட்சம் ஆண்டுக் காத்திருப்பில் ஒரு முந்திரி என்பது சுமார் 4,000 ஆண்டு. மனிதர் எழுத்தில் வைத்திருக்கும் வரலாற்றில் பெரும்பகுதி. 'உங்களை ஒரு முந்திரி நேரமாகத்தான் தெரியும்' என்று அது சொன்னால் அதில் இளக்காரமும் இல்லை, மிகையும் இல்லை. சரியான கணக்கு, அவ்வளவுதான்.

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாயில் நுழையாத ஒலிக்கூட்டம் வேண்டாம், சமஸ்கிருதப் பட்டப்பெயரும் வேண்டாம். செய்யும் வேலையைக் கொண்டு மனிதர்கள் வைத்த பேச்சுவழக்குப் பெயர் போதும்.

வரிசையும் திருத்தமும்

மூவாயிரம் சொல் கதைக்கு மூன்று காட்சி போதும். முதல் காட்சியில் வேலை நடக்க வேண்டும், விளக்கம் கூடாது. ஒரு வால்மீன், ஒரு தள்ளல், எங்கே ஊன்றியது, உடம்பில் என்ன குறைந்தது, இவ்வளவும் 700 சொல்லுக்குள். அசல் என்ன என்பதை இங்கே சொல்லாதீர்கள். இரண்டாம் காட்சி மனிதர் பக்கம்: வானியலாளர் ஒருவருக்குக் கணக்கு இடிக்கிறது, வர வேண்டிய வால்மீன்கள் வரவில்லை. இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கும் வேலை என்பதால் இதற்கு இடம் கொடுங்கள், 1,200 சொல் வரை போகலாம். மூன்றாவதில் கேள்வியும் பதிலும்.

முதல் வரைவு முடிந்ததும் மூன்று இடங்களில் கை வையுங்கள். பேருயிர் அழுகிற, பெருமூச்சு விடுகிற, புன்னகைக்கிற வரிகள் தவறாமல் இருக்கும். எடுத்துவிட்டு அந்த இடத்தில் அது செய்த ஒரு செயலை வையுங்கள். பெருமூச்சுக்குப் பதில், வழக்கத்தைவிட 11 நாள் தாமதமாகத் தள்ளியது என்று எழுதலாம். அடுத்து, அண்டத்தின் வரலாற்றைச் சொல்லும் பத்தி ஒன்று இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதை முழுவதும் வெட்டிக் கதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். புரிந்தால் வெட்டியது வெட்டியதுதான்.

மூன்றாவது முடிவு. வரைவில் அது பெரும்பாலும் தியாகமாக இருக்கும்: பேருயிர் தன்னை அழித்து உலகைக் காத்தது. கடன் கணக்கில் இது மோசடி. வேலைக்காரன் செத்தால் அடுத்த ஆண்டு வால்மீனை யார் தள்ளுவது? கெடுவரை உயிரோடு நிற்பதுதான் அதன் கடினமான பகுதி, சாவு அதற்குக் குறுக்குவழி. அப்படியும் சாகத்தான் வேண்டும் என்றால், வேலை யார் கைக்குப் போகிறது, புதியவருக்கு அசலாக என்ன கொடுக்கப்பட்டது என்பதைக் கதைக்குள் காட்டியாக வேண்டும். புரோநோட்டில் பெயர் மாறும் அந்த இடத்துக்குக் குறைந்தது 200 சொல் ஒதுக்கிவையுங்கள். 'நாங்கள்' 'நாம்' ஆக வேண்டியதும் அங்கேதான்.